காவல், பேருந்து, குடியிருப்பு: சென்னையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மாமன்றக் கூட்டம் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்றால் மேயரோ ஆணையரோ எழுந்து பதில் சொல்கிறார்கள். பேருந்து வரவில்லை, காவல் நிலையத்தில் புகார் வாங்கவில்லை, வாரியக் குடியிருப்பை இடித்துப் போட்டு இன்னும் கட்டவில்லை என்று ஒரு கவுன்சிலர் கேட்டால், "சம்பந்தப்பட்ட துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி, அதே பதில். இப்படி ஏன் நடக்கிறது, சட்டம் மாறும் வரை காத்திராமல் இப்போதே என்ன செய்ய முடியும் என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

1688-ல் தொடங்கிய மாநகராட்சி இது. இன்று 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளுக்குத் தரத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. சாலைகள், பாலங்கள், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் சென்னையில் திட்டமிடல், சிஎம்டிஏ எனும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். குடிசைப் பகுதிகள், குடிசை மாற்று வாரியமாக 1970-ல் தொடங்கி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பிடம். பேருந்து, போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம். காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநகரக் காவல் ஆணையர் உள்துறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டியவர். போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைக்க 2010-ல் சட்டம் இயற்றி உருவான கும்டா (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம்), அதன் முதல் ஆணையக் கூட்டத்தை 2022 நவம்பரில்தான் நடத்தியது. அது போக்குவரத்தை மட்டும் பார்க்கும். வீடும் காவலும் அதன் வேலை இல்லை.

ஆக, 200 கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். காவல், பேருந்து, குடியிருப்பு என அன்றாட வாழ்வை அதிகம் பாதிக்கும் மூன்று விஷயங்களும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை மாமன்றமே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடந்தது. அந்த ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் கேள்வி கேட்கக்கூட ஒரு மன்றம் இருக்கவில்லை. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் 1996-க்குப் பின் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எந்த முறையில் வந்தாலும் மேயரின் மேசைக்கு வரும் கோப்புகள் மாறவில்லை என்பதுதான் என் குறை.

இந்தப் பிரிவினை மக்களை என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாக்கத்தில் பார்க்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் சென்னை மாநகராட்சியின் வாக்காளர்கள். பெரும்பாக்கமோ மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஒரு ஊராட்சி, மாவட்டமும் வேறு. லாரியில் சாமான் ஏறிய அன்றே அவர்களுடைய கவுன்சிலர் அவர்களுக்குப் பொறுப்பில்லாதவர் ஆகிவிட்டார். வீடு கட்டியது வாரியம். பேருந்து விட வேண்டியது போக்குவரத்துக் கழகம். காவல், 2022 ஜனவரி முதல் தாம்பரம் மாநகரக் காவல். பள்ளி, கல்வித் துறை. ரேஷன், உணவுத் துறை. இத்தனை துறைகளும் தங்கள் பங்கை எப்போது முடிக்கும் என்று ஒரே தாளில் கையெழுத்திட வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால், வீடு மட்டும் முதலில் வந்தது, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. கல்வியாண்டின் நடுவில் இடம் பெயர்ந்த பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். விடிகாலையில் மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் வீட்டு வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் வேலையை இழந்தார்கள். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 2000-ல் தொடங்கிய கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் இதே கதை நடந்து முடிந்திருந்தது. பாடம் கண்ணெதிரே இருந்தும் அதைக் கற்க வேண்டியவர் யார் என்று சுட்டிக்காட்ட வழியில்லை.

கிளாம்பாக்கத்தை அரசியலாக மட்டும் பார்க்கிறோம். அதுவும் இதே நோய்தான். பேருந்து முனையத்தை சிஎம்டிஏ கட்டியது, 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடியும் ரயில் நிலையமும் அதற்கான நடைமேம்பாலமும் அன்று தயாராக இல்லை, ஏனென்றால் அவை வேறு கையில், வேறு கால அட்டவணையில் இருந்தன.

லண்டனில் இந்த மூன்றும் ஒரு மேயரிடம் சேருகின்றன. அங்கே காவலைக் கண்காணிக்கும் அலுவலகம் மேயருடையது, போக்குவரத்து நிறுவனத்தின் தலைவர் அவர், சில மறுசீரமைப்புப் பகுதிகளுக்குத் தனி வளர்ச்சிக் கழகம் அமைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆண்டுக்குப் பத்து முறை 25 உறுப்பினர் கொண்ட மன்றத்தின் முன் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் சேர்ந்தால் அவருடைய பட்ஜெட்டைத் திருத்த முடியும். 2022 பிப்ரவரியில் மேயரின் நம்பிக்கையை இழந்தபின் பெருநகரக் காவல் ஆணையரே பதவி விலக நேர்ந்தது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபத்தோடு இருக்கும் ஒரு லண்டன்வாசிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் குறைவு. நம் சட்டங்களை அப்படி மாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். அதுவரை, இருக்கும் சட்டங்களிலேயே பிடித்துக்கொள்ள இடங்கள் உண்டு. பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

பேருந்திலிருந்து தொடங்குகிறேன். "எங்கள் பகுதிக்குப் பேருந்து போதவில்லை" என்று மனுக் கொடுத்தால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பல்லவன் இல்லத்தில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படிக் கேளுங்கள்: உதாரணமாகத் தடம் எண் 29சி, குறிப்பிட்ட ஒரு மாதம், நாள்வாரியாகத் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கிய நடைகள் எத்தனை, ரத்தான ஒவ்வொரு நடைக்கும் பதிவான காரணம் என்ன, இவற்றில் சாதாரணக் கட்டணப் பேருந்தின் நடைகள் எத்தனை. கடைசிக் கேள்வி முக்கியம். 2021 மே மாதத்திலிருந்து மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில்தான். மொத்த நடைகள் குறையாமலேயே சாதாரணப் பேருந்துகளைக் குறைத்துச் சொகுசுப் பேருந்துகளைக் கூட்டினால், கணக்கில் சேவை சரியாக இருக்கும். நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் மட்டும் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

ரத்தான காரணம் எழுதிய அந்தப் பத்தியில்தான் பொறுப்பு யாருடையது என்பது வெளிப்படும். ஓட்டுநர், நடத்துநர் இல்லை என்றால் கழகமும் போக்குவரத்துத் துறையும் பதில் சொல்ல வேண்டும். வண்டிப் பழுது என்றால் அந்தப் பணிமனையின் கிளை மேலாளர். நெரிசலால் நடை குறைந்தது என்றால் கேள்வி திசை மாறிவிடும்: சாலையோரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுக்காத போக்குவரத்துக் காவல், தோண்டிய பள்ளத்தை மூடாத துறை, அதற்கு அனுமதி கொடுத்த மாநகராட்சி. இந்த மூன்றாவது வகை மாமன்றத்தில் எழுப்ப முழுத் தகுதி உள்ளது. அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலர் பேசினால் "வேறு துறை" என்று தட்டிக்கழிப்பது கடினம். "இப்படித் தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அந்த மாதத்துக்கான பணிமனைப் பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்டு அடுத்த மனுவை அனுப்புங்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவு பதிவேட்டைப் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் உரிமை தருகிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன் தராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள். இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. விளக்கம் கேட்டால் அதையே காரணமாக்கி மறுத்துவிடுவார்கள்.

2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இவை தனியார் இயக்க, கழகம் கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கும் முறையில் வந்தவை. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஒப்பந்தப்படி ஓட வேண்டிய கிலோமீட்டர், ஓடிய கிலோமீட்டர், ஓடாததற்குப் பிடித்தம் செய்த தொகை. இந்த மூன்று எண்களும் மாதந்தோறும் வெளியானால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நிறுத்தத்தையும் கொஞ்சம் நின்று பாருங்கள். தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 400 மில்லிமீட்டர். நடைபாதையின் ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி. பேருந்து ஓரக்கல்லை ஒட்டி நின்றால் ஏற வேண்டிய உயரம் 250. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை விரித்தால் சரிவு தாங்கும். நிறுத்தத்துக்கு முன்னால் ஆட்டோவோ தடுப்புக் கம்பியோ இருந்தால் பேருந்து நடுச்சாலையில் நிற்கும். சாய்தளம் தார்ச்சாலையில் விழும், உயரம் முழு 400 ஆகிவிடும், நாற்காலியை ஒருவர் தள்ளி ஏற்ற முடியாது. கோடிக்கணக்கில் வாங்கிய பேருந்தின் பயன் ஒரு தடுப்புக் கம்பியால் அங்கே அழிகிறது. பேருந்து கழகத்தினுடையது, நிழற்குடை மாநகராட்சியினுடையது, தடுப்புக் கம்பி போக்குவரத்துக் காவலினுடையது. நெரிசலைக் காரணம் காட்டி நிறுத்தத்தை 50 மீட்டர் தள்ளி வைத்தால் நிழற்குடை ஓரிடத்தில் வெறுமனே நிற்க, மக்கள் வெயிலில் வேறிடத்தில் நிற்கிறார்கள். மூன்று துறையின் உதவிப் பொறியாளர், கிளை மேலாளர், ஆய்வாளர் மூவரும் ஒரே நாளில் ஒன்றாக வந்து பார்த்தால் அரை மணியில் முடிகிற வேலை. அப்படி வரச் சொல்ல ஆள் இல்லை.

சாலைக்கு வருகிறேன். மாநகராட்சியின் பேருந்துத் தடச் சாலைகள் 471, நீளம் சுமார் 387 கிலோமீட்டர். இது முழுக்க மாமன்றத்தின் பொறுப்பு. இங்கே தட்டிக்கழிக்க இடமே இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடுவதால் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போகின்றன என்ற புகார் எல்லா வார்டிலும் உண்டு. இதை யார் வேண்டுமானாலும் ஓர் அடிக்கோலால் சோதிக்கலாம். வேலை தொடங்கும் முன் ஒரே இடத்தில் ஓரக்கல்லின் உயரத்தை அளந்து, அடிக்கோல் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் அளவு எடுங்கள். 40 மில்லிமீட்டர் சுரண்டி 40 போட்டிருந்தால் உயரம் மாறாது. 150 இருந்தது 110 ஆகியிருந்தால் சுரண்டவில்லை. செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் சுரண்டியதாக எழுதியிருக்கிறார்களா என்று அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எழுதியிருந்தால் செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கிறது. முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும், உள்ளாட்சி அமைப்புகளுக்கான முறைமன்ற நடுவத்தில் கொடுக்க அந்த இரண்டு படமும் ஒரு நகலும் போதும்.

போட்ட சாலை ஒரு மழையில் ஜல்லி பெயர்ந்து போவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. கலவை சாலையில் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், உருளை ஓட்டும் நேரத்தில் 90-க்குக் கீழே இறங்கக் கூடாது. நகருக்கு வெளியே உள்ள ஆலையிலிருந்து வரும் லாரி தார்ப்பாய் மூடாமல், நெரிசலில் நின்று நின்று வந்தால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. பழைய பரப்பைத் துடைத்துப் பசைத் தாரைத் தெளிக்காமல் போட்டால் புதிய அடுக்கு தகடுபோல உரிந்து வரும். லாரி வந்ததும் சூட்டுமானியை வைத்துப் பதிவு செய்தார்களா, முடிந்தபின் சாலையிலிருந்து உருளை வடிவத் துண்டு வெட்டி எடுத்துக் கனம் சோதித்தார்களா என்ற இரண்டு கேள்விகளை வார்டுக் குழுவில் கேளுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தேதி தெரியாததால் மாநகராட்சிப் பணத்தில் ஒட்டுப்போட்டு மூடுகிறார்கள்.

மாநகராட்சி 2014-ல் ஏற்ற ஒரு கொள்கையும் இருக்கிறது: போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும், 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும். பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் வந்தது, அழகாகவும் இருக்கிறது. வட சென்னையின் உள்தெருக்களுக்கு அந்தக் கொள்கை எப்போது வரும்? ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அந்த 60 எவ்வளவாக இருந்தது என்று மாமன்றத்தில் ஒரு கவுன்சிலர் கேட்டாலே போதும். தன் தீர்மானத்தைத் தானே மறந்த மன்றம் மற்றத் துறைகளைக் கேள்வி கேட்கும் தகுதியை இழக்கிறது.

காவலில் மேயருக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லித் தந்த தீர்ப்பில், மாவட்ட அளவில் மேற்பார்வைக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் குழுவில் நகராட்சி மேயர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லாமல் பதவி சொல்லி எழுதியிருக்கிறது. நுழைவாயில், லாக்கப், அதன் வெளிப்புறம், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் வரை கேமரா வேண்டும். பதிவு 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு மாதந்தோறும் மாநிலக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இது ஏன் உயிர் போகிற விஷயம் என்பதற்கு, தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில் அந்த நிலையத்தின் கேமரா பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு இல்லை.

எனவே நம் மேயரிடம் நேரடியாகக் கேட்கலாம்: அந்தக் குழு சென்னையில் எத்தனை முறை கூடியது, நீங்கள் எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், எத்தனை நிலையங்களில் எத்தனை கேமரா வேலை செய்யவில்லை, 18 மாதப் பதிவு எங்கெல்லாம் இருக்கிறது? இதற்கு "வேறு துறை" என்ற பதில் செல்லாது.

பொதுமக்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் சி.எஸ்.ஆர். மட்டும் போதாது, முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173(4) பிரிவில், புகாரின் சாரத்தை எழுதி அஞ்சலில் துணை ஆணையருக்கு அனுப்பலாம். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பதிவு அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாஜிஸ்திரேட் முதலில் அதைத்தான் கேட்பார். வார்டு அளவில் ஒரு நிலையத்துக்கு வந்த சி.எஸ்.ஆர். எத்தனை, அவற்றில் முதல் தகவல் அறிக்கையானவை எத்தனை என்ற எண்ணிக்கையையும் தகவல் உரிமையில் கேட்கலாம். வழக்கு விவரம் கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று மறுப்பார்கள். எண்ணிக்கைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

காவல்துறை மீதான புகாரை விசாரிக்கும் ஏற்பாடு இங்கே பலவீனமாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும். காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013 சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் அதிகாரிகளையே உறுப்பினராக்கியது. காவலை நிர்வகிப்பவரே காவல் மீதான புகாரைத் தீர்ப்பது நியாயம் ஆகாது. சென்னையின் 16 சட்டமன்ற உறுப்பினர்களும் இதை மாற்றக் குரல் கொடுக்கலாம். தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.

மறுகட்டுமானம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் புதிய சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் பழைய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசல் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அதற்குப் பின் பழைய அடுக்குகளை இடித்துக் கட்டும் வேலை வேகம் எடுத்தது சரியே. ஆனால் வீட்டைக் காலி செய்யும் நாளில் மக்கள் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதில்தான் பிறகு வரும் துன்பம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

காலி செய்யும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் வர வேண்டியவை: பயனாளிப் பட்டியலில் பெயர், பழைய கதவு எண்ணுடன், புதிய வீட்டின் உட்பரப்பு சதுர அடியில், கட்டி முடிக்கும் தேதி, வெளியே தங்கியிருக்கத் தரும் கருணைத் தொகை எவ்வளவு, எந்த நாளில் வங்கியில் ஏறும், பயனாளி பங்களிப்பு எவ்வளவு, தவணை உண்டா. வீடு கட்டி முடித்தபின் பங்களிப்புத் தொகையைச் சொல்வதுதான் பெரிய அநியாயம். வாடகைக்கு வெளியே இருந்துகொண்டு, சாவி வாங்கப் பணம் கட்டச் சொன்னால் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கும். ஒரே வீட்டில் இரண்டு மகன்கள் தனிச் சமையல் என்றால் கணக்கெடுப்பின்போதே தனிக் குடும்பமாகப் பதிய வேண்டும். இடித்தபின் எந்தச் சான்றும் மிஞ்சாது. கட்டும்போது வெளியார் தரச் சோதனை கூரை ஊற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் நடக்க வேண்டும். பூச்சு முடிந்தபின் வரும் நிபுணர் குழு கண்டுபிடிக்கலாம், சரிசெய்ய முடியாது. அடுக்கு உயர உயர லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் டீசல் என்று மாதச் செலவு ஏறும். பழைய மூன்று மாடிக் குடியிருப்பில் இந்தச் செலவு கிடையாது. அதை யார் ஏற்பது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். லிஃப்ட் நின்றால் எட்டாவது மாடியில் இருக்கும் முதியவர் வீட்டுச் சிறையில் இருக்கிறார் என்று பொருள்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023-ல் ஆயிரம் கோடி என்று அறிவித்து, 2024 மார்ச்சில் பல மடங்கு பெரிதாக்கித் தொடங்கினார்கள். பணம் வருவதில் மகிழ்ச்சி. வேலைவாரியாக எந்தத் துறை, எவ்வளவு, எந்தத் தேதி, எவ்வளவு முடிந்தது என்ற பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்து மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டினால் எங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாமன்றத்திடம் கேட்பது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறப்புக் கூட்டம் நடத்தத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகம், கும்டா, வாழ்விட மேம்பாட்டு வாரியம், சிஎம்டிஏ, போக்குவரத்துக் காவல் ஆகியவற்றின் அதிகாரிகளை அழைப்பு அனுப்பி வரச் சொல்லுங்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த உங்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லை. வராதவரின் பதவியையும் துறையையும் கூட்டக் குறிப்பில் பதிய யாரும் தடுக்க முடியாது. கேள்விகளைப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் அனுப்புங்கள், பதில்களை இணையத்தில் போடுங்கள். நடைகளின் எண்ணிக்கை, சாலைப் பள்ளங்கள், கேமராக்கள், இடித்த குடியிருப்புகளின் தேதிகள் என்று அதே எண்களை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முந்தைய எண்ணோடு ஒப்பிட முடிந்தால்தான் அடுத்த முறை அதிகாரி தயாராக வருவார். 2022-ல் வந்த வார்டுக் குழு, ஏரியா சபை விதிகளின்படி கூட்டங்கள் ஒழுங்காக நடந்தால் கேள்விகள் கீழிருந்தே வந்துவிடும்.

முதல் கூட்டத்துக்கு, இடித்து இன்னும் கட்டி முடிக்காத வாரியக் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் வெளியே போன குடும்பங்கள் எத்தனை, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கருணைத் தொகை வராதவர் எத்தனை பேர், சாவி தரும் தேதி என்ன என்ற நான்கு விவரங்களுடன் வாரியம் வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை – 39.